ஏழு யானைக்கும் ஒரு நகம் குறை

அந்தக் காலத்தில் வண்ணத்துப்பூச்சிக்கு வண்ணம் கிடையாது. வெறும் பூச்சிதான். வெளுத்த வேட்டியில் கிழித்த துண்டு மாதிரி வெள்ளை வெளேரென்று பறந்து திரியும். மரமும் பறவையும் பூச்சியும் வாய் திறந்து பேசிய காலம் என்பதால், அதைக் கேலி பேச ஆளுக்கும் பஞ்சமில்லை. "என்ன, யார் வீட்டுச் சாவுக்குத் துட்டி கேட்டுட்டு வர்ற?" என்று தும்பி கேட்கும். பூக்கள்கூட அது வந்து உட்கார்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பாவம், அதற்கு வாயும் அதிகம், ரோஷமும் அதிகம். நிறம் மட்டும்தான் இல்லை.

அந்தக் காலத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. எந்தப் பொருளும் இரண்டாவது தடவை அதே மாதிரி வராது. எல்லாம் கைவேலை. ஒரு சட்டி போல இன்னொரு சட்டி இருக்காது, இன்று போட்ட கோலம் நாளைக்கு வராது. அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. ஏழூர்க்காரர்கள் மட்டும் நினைத்தார்கள். நினைத்ததோடு விடாமல் மண்டையையும் உடைத்துக்கொண்டார்கள்.

ஏழூர் என்பது ஓர் ஆற்றின் இரண்டு கரையிலும் இருந்த ஏழு ஊர்கள். ஏழுக்கும் ஒரே அம்மன், ஒரே தேர். வைகாசிப் பௌர்ணமி அன்று தேரோட்டம். வடத்தைத் தொடுவதற்கு முன்னால் ஏழு ஊர்த் தலைவர்களும் தலையில் பரிவட்டம் கட்டிக்கொள்ள வேண்டும். தலைவரை அங்கே அம்பலம் என்று சொல்வார்கள். பரிவட்டத் துணியின் முந்தியில், நெற்றிக்கு நேராக வருகிற மாதிரி, கருப்புச் சாயத்தில் ஒரு யானை வரைந்திருக்கும். துணியை விரித்துப் பார்த்தால் யானை வலப்பக்கமாக நடக்க வேண்டும். அம்மனை வலம் வருகிற யானை அது. இடப்பக்கமாகச் சுற்றுவதெல்லாம் சுடுகாட்டுக் காரியம்.

அந்த ஏழு யானைகளையும் வரைவது ஆலங்கரை ஒச்சாயி. ஏழூரிலும் அவளை மிஞ்சிய சாயக்காரி இல்லை. துணியைக் கடுக்காய்ப் பாலில் ஊறவைத்து, துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் போட்டு, அதில் இறங்குகிற கருப்பை மூங்கில் குச்சியால் தொட்டு அவள் இழுத்தால், யானையின் காது அசைகிறதா என்று நாமே குனிந்து பார்ப்போம். அப்படி உயிரோட்டமான கை. வம்பு வந்ததும் அந்த உயிரோட்டத்தால்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு யானை துதிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. இன்னொன்று தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்துவிட்டது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. கை போன போக்கு. தூக்கின துதிக்கை ஆலங்கரைக்குப் போயிற்று. தாழ்த்தின தலை அக்கரையில் இருக்கும் நொச்சிமேட்டுக்குப் போயிற்று.

"எங்க யானை மட்டும் ஏன்யா தலை குனிஞ்சு நிக்குது? நாங்க என்ன தப்புப் பண்ணினோம்?" என்று நொச்சிமேட்டு அம்பலம் கருத்தாண்டி பரிவட்டத்தை அவிழ்த்து வீசினார். அவ்வளவுதான். கம்பு வந்தது, கல் வந்தது. யாரோ தேர்வடத்தை அரிவாளால் வெட்டினார்கள். தேரை இழுத்துத் தெருவில் விட்ட கதை என்று ஊரில் சொல்வோமே, அது அன்றைக்கு நிஜமாகவே நடந்தது. தேர் நடுத்தெருவில் நின்றது. நின்றது நின்றதுதான். வெயிலில் வெடித்து, மழையில் ஊறி, சக்கரத்தில் எருக்கு முளைத்துவிட்டது. அந்தக் கரைக்காரன் இந்தக் கரைக்கு வரக்கூடாது, வந்தால் ஊர்விலக்கு என்று இரண்டு பக்கமும் கட்டுப்பாடு போட்டார்கள்.

இதில் மற்றவர்களுக்குப் போனது ஒரு திருவிழா. ஒச்சாயிக்குப் போனது தங்கை. அப்பனும் ஆத்தாளும் போன பிறகு அவளே தூக்கி வளர்த்த தங்கை செவனம்மாவை, சண்டைக்குப் பத்து நாள் முன்னால்தான் நொச்சிமேட்டில் கட்டிக்கொடுத்திருந்தாள். மறுவீட்டு விருந்துக்குக்கூட அவள் வரவில்லை. வரமுடியவில்லை. அன்றாடம் ஒரு மைனா அக்கரை போய்வந்து சேதி சொல்லும்.

"உன் தங்கச்சிக்கு இது ஒன்பதாம் மாசம். ஆத்தோரம் வந்து நிக்கிறா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு இந்தப் பக்கமே பார்க்கிறா. வீட்டுல பெரிய பொம்பளைன்னு யாரும் இல்ல. தலைப்பிரசவத்தை யாரு பார்க்கிறதுன்னு அவ புருஷனே பயந்து கிடக்கான்" என்றது மைனா.

தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் நடக்க வேண்டும். செவனம்மாவுக்குப் பிறந்த வீடு என்றால் ஒச்சாயிதான். ஆறு என்னவோ முழங்கால் ஆழம். தாண்டத்தான் முடியாது.

அந்த வைகாசியில் ஆலங்கரை அம்பலம் மாயழகு ஒச்சாயி வீட்டு முற்றத்துக்கு வந்து நின்றார்.

"தாயி, ஏழு அம்பலமும் ஆத்து மணல்ல கூடிப் பேசிட்டோம். இது கடைசி வாய்தா. ஏழு யானையும் ஒண்ணுபோல இருந்தா, தும்பிக்கையிலிருந்து கால் நகம் வரைக்கும் ஒண்ணுபோல இருந்தா, தேர் ஓடும், கட்டுப்பாடு நீங்கும். இல்லைன்னா தேரைப் பிரிச்சு ஊருக்கு ஒரு பங்கா மரத்தை எடுத்துக்கிட்டுப் போயிடுறதுன்னு முடிவு."

"கையில இருக்கிற அஞ்சு விரலே ஒண்ணுபோல இல்லையே, அம்பலம். ஏழு யானை எப்படி வரும்?"

"அது எனக்குத் தெரியாது தாயி. இன்னிக்குக் காப்புக் கட்டியாச்சு. ஒன்பதாம் நாள் தேர்."

தேரைப் பிரித்துவிட்டால் பிறகு ஏழூர் என்று ஒன்று இல்லை. செவனம்மா ஆற்றங்கரையோடு நிற்க வேண்டியதுதான். ஒச்சாயி அன்றைக்கே பழந்துணிகளை விரித்து உட்கார்ந்தாள். நூல் பிடித்து அளந்தாள், புள்ளி வைத்து வரைந்தாள், ஓலையில் வெட்டி வைத்துக்கொண்டு அதன் ஓரமாகவே கோடு இழுத்தாள். ஐந்து நாளில் நாற்பது யானை. ஒன்று சிரித்தது. ஒன்று வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தது போலிருந்தது. ஒன்று அச்சு அசல் மாயழகு அம்பலம் மாதிரியே இருந்தது. நாற்பதில் எந்த இரண்டும் ஒன்றாக இல்லை. நல்ல கை அப்படித்தான். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

ஐந்தாம் நாள் குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு, சாயச் சட்டிகளுக்கு நடுவில் அவள் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது வெள்ளைப் பூச்சி வந்து சட்டி விளிம்பில் இறங்கியது.

"அக்கா, கோவமா இருக்கியா?"

"இல்ல, கொண்டாட்டமா இருக்கேன். போ அந்தப் பக்கம்."

"போறேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கட்டுமா? செவப்பும் நீலமும் கருப்பும் இவ்வளவு மிஞ்சிக் கிடக்கு. வீணாத்தானே கொட்டப்போற? அதை என்மேல கொட்டினா குறைஞ்சா போயிடுவ?"

ஒச்சாயிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. பூச்சியைப் புறங்கையில் ஏற்றி, உள்ளதிலேயே மெல்லிய குச்சியை எடுத்தாள். இடப்பக்கச் சிறகில் சாயவேர்ச் சிவப்பில் ஒரு பூ. பூவுக்குப் பக்கத்தில் வெளியே பார்த்துச் சாய்ந்த ஒரு மொட்டு. ஓரத்தைச் சுற்றிக் கருப்புக் கரை. கரைக்குள் அவுரி நீலத்தில் பொட்டுப் பொட்டாக ஏழு புள்ளி. தங்கையின் கல்யாணச் சேலைக்குக்கூட அவள் இவ்வளவு பொறுமையாக வரைந்ததில்லை.

"ஒரு பக்கம் முடிஞ்சது. இது காயட்டும், அப்புறம் மறுபக்கம். அதுவரைக்கும் அசையாத. மூச்சு விடுறதா இருந்தாலும் மெதுவா விடு" என்றாள்.

பூச்சி சிறகை விரித்தபடி விறைத்து நின்றது. அந்த நேரம் பார்த்துச் சுவரிலிருந்து ஒரு பல்லி இறங்கியது. "ச்சு, ச்சு, ச்சு! எவ்வளவு அழகா இருக்க! கொஞ்சம் கிட்ட வாயேன், பார்க்கிறேன்" என்றபடி கிட்ட வந்தது அதுதான்.

பயத்தில் பூச்சி இரண்டு சிறகையும் சேர்த்துப் படாரென்று மூடிக்கொண்டது.

ஒச்சாயி பல்லியைக் குச்சியால் விரட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு! அத்தனையும் அப்பிக்கிச்சு! ஒரு நாழிகை பொறுக்க முடியல உனக்கு. திற, நீ என்னத்தக் கெடுத்து வச்சிருக்கன்னு பார்ப்போம்."

பூச்சி அழாத குறையாகச் சிறகைத் திறந்தது.

ஒச்சாயி குனிந்து பார்த்தாள். இந்தச் சிறகில் ஒரு பூ. அந்தச் சிறகிலும் ஒரு பூ. இதில் ஒரு மொட்டு, அதிலும் ஒரு மொட்டு. இங்கே ஏழு புள்ளி, அங்கேயும் ஏழு. இதில் மூன்றாவது புள்ளி கொஞ்சம் வழிந்திருந்தது. அதிலும் மூன்றாவதுதான் வழிந்திருந்தது. உலகத்தில் முதல் தடவையாக இரண்டு பொருள் ஒன்றுபோல இருந்தது. அதைப் பார்த்த முதல் கண் அவளுடையது. நினைத்தால் எனக்கே உடம்பு சிலிர்க்கிறது.

"கெட்டுப்போச்சா அக்கா?" என்று பூச்சி மெதுவாகக் கேட்டது.

"நீ கெடுக்கலடி. என் தங்கச்சியை எனக்குக் கொடுத்துட்ட."

உடனே ஒரு துணியில் யானையை வரைந்து, ஈரம் காயும் முன் இன்னொரு துணியை அதன்மேல் வைத்து அழுத்தினாள். இரண்டாவது துணியில் யானை வந்தது. மூன்றாவதில் புகை மாதிரி வந்தது. நான்காவதில் ஒன்றுமே இல்லை. துணி சாயத்தைக் குடித்துவிடுகிறது. குடித்ததைத் திருப்பித் தருவதற்கு அதற்கு மனசில்லை. குடிக்காத பொருளாக ஒன்று வேண்டும். யோசித்தபடி நிமிர்ந்தவள் காதில் டொக், டொக் என்று சத்தம் விழுந்தது. முற்றத்துப் பூவரசில் மரங்கொத்தி வேலையில் இருந்தது.

"கொத்தியாரே, ஒரு பூவரசங் கட்டையில யானை கொத்தித் தருவீங்களா?"

"யானை என்ன, யானைக்குள்ள புழு இருந்தாலும் கொத்துவேன்" என்றது மரங்கொத்தி. அதற்குத் தன் அலகைப் பற்றிக் கொஞ்சம் அதிகமான எண்ணம்.

"பள்ளமா கொத்தக்கூடாது. நான் போட்ட கோடு அப்படியே நிக்கணும். கோட்டைச் சுத்தி இருக்கிறது எல்லாம் போகணும்."

"தலைமுறை தலைமுறையா நாங்க பள்ளம் தோண்டித்தான் பழக்கம். மேடு விட்டுக் கொத்தினவன் எங்க குலத்துல இல்ல."

"அப்ப உங்களாலயும் ஆகாதா?"

இந்த ஒரு வார்த்தை போதும் அதற்கு. இரண்டு பகல் இடைவிடாமல் கொத்தியது. எட்டாம் நாள் விடியும்போது கட்டையின்மேல் ஒரு யானை எழுந்து நின்றது. ஒச்சாயி சாயத்தில் கஞ்சி கலந்து கெட்டியாக்கி, ஒரு கம்பளித் துண்டில் ஊற்றி, கட்டையை அதில் ஒற்றி, முதல் பரிவட்டத்தின் முந்தியில் வைத்து உள்ளங்கையால் ஓங்கிக் குத்தினாள். எடுத்தாள். யானை! மறுபடி ஒற்றினாள், குத்தினாள். அதே யானை! ஏழு துணியிலும் ஏழு முறை. ஐந்து நாளில் நாற்பது யானை வரைந்தும் வராதது, வெற்றிலை போட்டு மெல்லும் நேரத்தில் வந்துவிட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கோட்டோடு கோடு உட்கார்ந்தது. பூச்சி தலைக்குமேல் பறந்து பறந்து கூத்தாடியது. மரங்கொத்தி, "நான் கொத்தினா கொத்தினதுதான்" என்று கொண்டையைச் சிலிர்த்தது.

அன்று காலையிலேயே மாயழகு அம்பலம் பார்க்க வந்தார். ஏழு துணியையும் பார்த்து முதலில் வாயைப் பிளந்தார். பிளந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

"தாயி... ஏழும் இடப்பக்கமாப் போகுதே. சுடுகாட்டுக்கா போகுது?"

ஒச்சாயி அப்போதுதான் பார்த்தாள். மூன்று வருஷமாக ஏழூரே ஒன்றுபோல வேண்டும், ஒன்றுபோல வேண்டும் என்று பேசிப் பேசி, அவளும் ஒன்றுபோல இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தாள். எந்தப் பக்கம் நடக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. கட்டையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டையில் யானை ஒழுங்காக வலப்பக்கம்தான் நடந்தது. துணியைப் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கத்தில் சாயம் ஏறாமல் யானை பாதி ஆவியாக இருந்தது.

"இதைக் கட்டிக்கிட்டுப் போனா நாளைக்கு ஏழூரும் சேர்ந்து என்னைத்தான் கொளுத்தும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அம்பலம் போய்விட்டார். ஒச்சாயி அழுதாள். அக்கரையில் நிற்கிறவளை நினைத்து வாய்விட்டே அழுதாள்.

பூச்சி அவள் முழங்காலில் வந்து உட்கார்ந்தது. "அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? வைய மாட்டியே?"

"சொல்லு."

"எனக்கு நீ வரைஞ்ச மொட்டு இடப்பக்கம் சாஞ்சிருக்கு. ஒட்டிக்கிட்டு வந்த மொட்டு வலப்பக்கம் சாஞ்சிருக்கு. மூணு நாளா குளத்துத் தண்ணியில அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். ஒட்டினா எல்லாம் பக்கம் மாறித்தான் வருது. அப்படின்னா கட்டையில தப்பா இருந்தாத்தான துணியில சரியா இருக்கும்?"

ஒச்சாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதன் சிறகையே பார்த்தாள். பிறகு பூவரசைப் பார்த்து, "கொத்தியாரே!" என்றாள்.

மரங்கொத்தி ஒரே பேச்சாக மறுத்துவிட்டது. "தப்புன்னு தெரிஞ்சே தப்பாக் கொத்தச் சொல்றியா? நாளைக்கு நாலு மரங்கொத்தி என்னைப் பார்த்துச் சிரிக்காது?"

"சிரிக்கட்டும். கட்டையை யாரு பார்க்கப் போறா? துணியைத்தான் ஊரு பார்க்கும்" என்றது பூச்சி. "நாலு பேருக்குச் சரியா தெரியணும்னா ஒருத்தரு மறைவா தப்பா நிக்க வேண்டியிருக்கு. இவ்வளவு பெரிய வேலைக்கு உன்னைவிட்டா யாரு இருக்கா?"

மரங்கொத்தி முணுமுணுத்துக்கொண்டே புதுக் கட்டையில் உட்கார்ந்தது. அன்று பகல் முழுக்க முணுமுணுப்பும் நிற்கவில்லை, கொத்துவதும் நிற்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில், முன்காலுக்கு வரும்போது, கோபத்தில் ஒரு கொத்து கூடப் போய்விட்டது. யானையின் ஒரு நகம் தெறித்து விழுந்தது. மரங்கொத்தி இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. சொல்லாமல் பறந்துவிட்டது.

பரிவட்டத்துக்கு இரண்டு முந்தி உண்டு. ஒச்சாயி சுடுகாட்டு யானை இருந்த முந்தியை வெட்டித் தள்ளிவிட்டு, மறு முந்தியில் புதுக் கட்டையை வைத்துக் குத்தினாள். ஏழு யானையும் வலம் போயின; விளக்கு வெளிச்சத்தில் அவள் பார்த்தது அதை மட்டும்தான். தேர் நாள் விடிந்தபோது, துணிகளைத் தலையில் சுமந்துகொண்டு நடுத்தெருவுக்குப் போனாள்.

சனம் கூடிவிட்டது. இரண்டு கரையும் இரண்டு பக்கமாக நின்றது. கம்பில்லாத கை ஒன்றுகூட இல்லை. ஏழு துணியையும் தேருக்கு முன்னால் பாய் போட்டு விரித்தாள். ஏழு அம்பலமும் குனிந்தார்கள். துதிக்கையைப் பார்த்தார்கள். தந்தத்தை அளந்தார்கள். வால் முடியை எண்ணினார்கள். நொச்சிமேட்டுக் கருத்தாண்டி மட்டும் மண்டி போட்டு, தன் துணிக்குமேல் மூக்கை வைத்துக்கொண்டு கடைசிவரை எழுந்திருக்கவில்லை. திடீரென்று நிமிர்ந்தார்.

"எங்க யானைக்கு ஒரு நகத்தைக் காணோம்!"

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. கம்புகள் நிமிர்ந்தன. ஒச்சாயி பூவரசு இருந்த திசையைப் பார்த்தாள். அங்கே கொத்துகிற சத்தமே இல்லை.

அப்போது பக்கத்தில் நின்ற அம்பலம் தன் துணியைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் காணோமே" என்றார். "எங்களுக்கும்" என்றார் இன்னொருவர். மாயழகு தன் துணியைத் தூக்கிப் பார்த்தார். "அட, எனக்குந்தான்யா இல்ல! ஏழு யானைக்கும் ஒரு நகம் குறை!"

முதலில் சிரித்தது யாரென்று தெரியாது. கருத்தாண்டிதான் என்று நொச்சிமேட்டில் சொல்வார்கள். அந்தச் சிரிப்பு தெரு முழுக்கப் பிடித்துக்கொண்டது. சிறப்பை ஏழு பங்கு போட்டால் சண்டை வரும். குறையை ஏழு பங்கு சமமாகப் போட்டதால் யாருக்கும் சண்டை போட ஒன்றும் கிடைக்கவில்லை. சிரித்த சிரிப்பில் துணிகள் கைமாறி, ஒன்றோடொன்று கலந்துபோயின.

"இதுல எங்களது எது தாயி?" என்று கருத்தாண்டி கேட்டார்.

"எதை எடுத்தாலும் உங்களதுதான் அம்பலம்" என்றாள் ஒச்சாயி.

அவர் ஒன்றை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு வடத்தைத் தொட்டார். மற்ற ஆறு பேரும் தொட்டார்கள். கம்புகளைக் கீழே போட்டால்தான் வடத்தைப் பிடிக்க முடியும் என்பதால் கம்புகள் எல்லாம் கீழே விழுந்தன. மூன்று வருஷமாக நின்ற தேர் ஒரு முனகு முனகி, எருக்கஞ்செடியை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது. தேரின் உச்சியில் பூவும் மொட்டுமாகச் சிறகை விரித்து உட்கார்ந்திருந்தது பூச்சி. அன்றைக்கு அதனிடம் யாரும் துட்டி வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததும் அக்கரைப் பெண்கள் ஆற்றைத் தாண்டி வந்தார்கள். எல்லோருக்கும் பின்னால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு செவனம்மா மெதுவாக நடந்து வந்தாள். அக்காளைப் பார்த்ததும் நின்றாள்.

"ஒரு யானையை ஒழுங்கா வரைய உனக்கு மூணு வருஷமாக்கா?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

"நான் எங்கடி வரைஞ்சேன்? வரைஞ்ச வரைக்கும் வரல" என்று ஒச்சாயி அவள் கன்னத்தை வழித்தாள். கையிலிருந்த கருப்புச் சாயம் தங்கையின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. இருவரும் கைகோத்துக்கொண்டு ஆலங்கரை வீட்டுக்குப் போனார்கள். பத்தாம் நாள் அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதன் தொட்டில் துணியிலும் அதே கட்டையால் ஒரு யானை குத்தினாள் ஒச்சாயி. அதற்கும் ஒரு நகம் கிடையாது.

அதற்குப் பிறகு மனிதர்கள் சும்மா இருந்தார்களா? துணியில் யானை குத்தியவர்கள் தாளில் எழுத்துக் குத்தினார்கள். மரத்தில் எழுத்து தேய்ந்துபோகிறது என்று ஈயத்தை உருக்கி எழுத்து வார்த்தார்கள். ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி, வரியாகக் கோத்து, பக்கமாகக் கட்டினார்கள். உள்ளங்கைக்குப் பதிலாக இயந்திரம் வந்து குத்தியது. ராஜா வீட்டில் ஒன்றே ஒன்றாகப் பூட்டிக் கிடந்த ஏடு, ஆயிரம் ஆயிரமாகி எல்லோர் மடிக்கும் வந்தது. கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடப் புத்தகம், திருவிழா நோட்டீஸ் என்று எதை எடுத்தாலும் உனக்கு வந்ததுதான் எனக்கும் வந்தது. ஒரு எழுத்து விடுபட்டிருந்தால் அதுவும் எல்லோருக்கும் விடுபட்டிருக்கும். அந்த ஈய எழுத்துகளைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொன்றும் பக்கம் மாறித்தான் நிற்கும். நம் கண்ணுக்கு நேராகத் தெரியவேண்டும் என்பதற்காக அவை அங்கே மறைவாகத் தப்பாக நின்றன. எத்தனை பெரிய மனசு அந்தச் சின்ன எழுத்துகளுக்கு!

பூச்சிக்கு மட்டும் ஒரு கவலை தீரவே இல்லை. அவசரத்தில் மூடியதால் அன்றைக்குப் பூசிய சாயம் இன்னும் சரியாகக் காயவில்லை. நீங்கள் பிடித்தால் விரலில் ஒட்டிக்கொள்கிறதே, அது ஒச்சாயியின் சாயம்தான். அதனால் பிடிக்காமல் சற்று தள்ளி நின்று பாருங்கள். அன்று பல்லிக்குப் பயந்து மூடிய நாள் முதலாகத்தான் வண்ணத்துப்பூச்சி எந்தப் பூவில் உட்கார்ந்தாலும் சிறகை ஒருமுறை சேர்த்து மூடுகிறது, பிறகு மெல்ல விரிக்கிறது: இந்தப் பக்கத்துக்குக் கிடைத்தது அந்தப் பக்கத்துக்கும் குறையாமல் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்கிறது.